கவர்மென்ட்டு தவளை

விலங்கியல் துறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது. உங்கள் கையில் ஃபார்மலின் வாடை இல்லை. எங்கள் காலத்தில் எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அது போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்துபோனது உண்டு. "இன்னாமா, மருந்துக் கடையா?" என்று கேட்டவர்களும் உண்டு.

தவளையை வெட்டாமல் அன்று யாரும் விலங்கியல் பட்டம் வாங்கிவிட முடியாது. பாடப்புத்தகத்தில் அதன் பெயர் ரானா டைக்ரினா. இப்போது பெயரையும் மாற்றிவிட்டார்கள், வெட்டுவதையும் நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது செய்தி கிடைத்த அன்று நான் வீட்டில் பாயசம் வைத்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

சென்ற வாரம் உங்களில் ஒருவர் கேட்டார்: "மேடம், விதிமுறை ஒண்ணு சொல்லுது, மனசு ஒண்ணு சொல்லுது, அப்ப என்ன பண்ணுவீங்க?" பொதுவாக இதற்குப் பதில் சொல்லும் திறமை எனக்கு இல்லை. எனக்கு நடந்த ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். அதில் நான் செய்தது சரியா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சென்னைக்கு வடக்கே, கும்மிடிப்பூண்டி போகும் ரயில் தடத்தில் ஒரு சிறிய அரசுக் கல்லூரி. நான் அங்கே விரிவுரையாளர். ஏப்ரல் செய்முறைத் தேர்வில் தவறிய ஐந்து பேருக்கு அக்டோபரில் மறுதேர்வு வைத்திருந்தார்கள். தேர்வின் முக்கியக் கேள்வி, தவளையின் தமனி மண்டலத்தை அறுத்துக் காட்டுவது.

அந்த ஐவரில் ஒருத்தி வசந்தா. ஆரணிப் பக்கத்திலிருந்து வந்து படித்தவள். ஏப்ரலில் பதற்றத்தில் பெருந்தமனியைக் கீறிவிட்டாள். தட்டு முழுக்க ரத்தம் பரவி ஒன்றுமே தெரியாமல் போயிற்று. அதன் பிறகு விடுமுறை முழுவதும் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து பழகினாள். கடைசியில் என்னைவிட அழகாக அறுத்தாள் என்றே சொல்வேன். இந்த முறை தேறாவிட்டால் கல்யாணம் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். தேறினால் பி.எட். படிக்கலாம்.

தேர்வுக்கான தவளைகள் சென்னையிலிருந்து வரும். ஒரு வியாபாரி ஈரச் சாக்கில் கட்டிக் காலை பாசஞ்சரில் அனுப்புவார். அந்த ஆண்டு ஆடி, ஆவணி மழை பொய்த்து, ஊரே வறண்டு கிடந்தது. தேர்வுக்கு முந்தின ராத்திரிதான் முதல் பெருமழை கொட்டியது. தண்டவாளத்தில் எங்கோ மண் அரித்து, வண்டி வழியிலேயே வெகுநேரம் நின்றுவிட்டது. சாக்கின் மேல் யாரோ எதையோ ஏற்றி வைத்திருந்தார்கள். கோதண்டம் அதைத் தூக்கிக்கொண்டு வந்து ஆய்வகத் தரையில் அவிழ்த்தபோது ஒன்றுகூட அசையவில்லை. வயிறு ஊதி, வாடை அடிக்கத் தொடங்கியிருந்தது.

கோதண்டம் எங்கள் ஆய்வக உதவியாளர். நல்ல உயரம், கொஞ்சம் வாய். எங்கள் துறைத் தலைவர் அதற்கு நேரெதிர். குள்ளமானவர், எதற்கும் பயப்படுபவர், ஆனால் மாணவர்கள்மேல் உண்மையான பாசம் உள்ளவர். சாக்கைப் பார்த்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு. மத்தியானம் எக்ஸாம். பன்னெண்டு மணி வண்டியில அந்த மனுஷன் வந்து எறங்குவாரு. அஞ்சு பிள்ளைங்க கதையும் முடிஞ்சுது."

அந்த மனுஷன் என்று அவர் சொன்னது வெளித்தேர்வாளரை. சென்னையில் ஒரு பெரிய கல்லூரிப் பேராசிரியர். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். அவர் தேர்வுக்கு வருகிறார் என்றால் மாணவர்கள் கோயிலுக்குப் போவார்கள்.

கோதண்டம் சாக்கைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: "மிஸ், மழ பேஞ்சிகீது. எங்க ஊரு தாங்கல்ல இந்நேரம் தவள எறங்கியிருக்கும். ஜட்கா வெச்சிக்கினு போனா அர மணில போய்ட்டு வந்துர்லாம்."

வாளி, வலை, மூடி போட்ட கூடை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். துறைத் தலைவர் வாசல்வரை வந்து, "பத்து இருந்தாப் போதும்மா, ஆளுக்கு ரெண்டு" என்று சொல்லி அனுப்பினார்.

தாங்கல் என்றால் அந்தப் பக்கத்தில் சின்ன ஏரி. கோடையில் வெறும் வெடித்த களிமண். மழை பெய்தால் முழங்கால் தண்ணீர், ஓரமெல்லாம் கோரைப்புல். வடக்குக் கரைக்கு அந்தப் பக்கம் தொழிற்பேட்டைக்காக நிலம் அளந்து கல் நட்டிருந்தார்கள். தெற்கே நெல் வயல்கள். குதிரை பூட்டிய ஜட்கா கரையை நெருங்குவதற்கு முன்பே அந்தச் சத்தம் கேட்டது. வயிற்றுக்குள்ளிருந்து வருவதுபோன்ற கனத்த சத்தம். ஒன்று நிறுத்தினால் இன்னொன்று எடுத்தது.

கரையேறிப் பார்த்தேன். அந்த நொடியை உங்களுக்கு எப்படிச் சொல்வது?

அதற்குள் நான் எட்டு வருடம் தவளை பாடம் நடத்தியிருந்தேன். "நிறம்: பச்சை கலந்த பழுப்பு, கரும் திட்டுகளுடன்" என்று கரும்பலகையில் எழுதியிருந்தேன். இங்கே தண்ணீரில் உட்கார்ந்திருந்தவை எலுமிச்சை மஞ்சள். வெயில் பட்ட இடத்தில் கண் கூசியது. தொண்டையின் இரண்டு பக்கமும் மயில் கழுத்து நீலத்தில் இரண்டு பைகள். கத்தும்போது அவை பலூன்போல ஊதிச் சுருங்கின. முதல் மழைக்கு இனச்சேர்க்கைக்காக இறங்கும் ஆண் தவளைகள் மஞ்சள் பூணும் என்று எங்கோ ஒரு வரி படித்திருந்தேன். படித்ததோடு சரி. என் மேஜைக்கு வந்ததெல்லாம் சாக்கில் அடைபட்டு நிறம் வெளிறியவை.

கோதண்டம் அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டான். அவை ஓடவே இல்லை. முதல் தவளையை வலைகூட இல்லாமல் கையாலேயே எடுத்தான். அது அவன் இரண்டு விரல்களை முன்னங்கால்களால் இறுக்கிக் கட்டிக்கொண்டது. பெண் தவளை என்று நினைத்துவிட்டது போலிருக்கிறது.

தெற்குக் கரையில் ஒரு பெண் மண்வெட்டியால் மடையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். சேலையை முழங்காலுக்கு மேல் சொருகியிருந்தாள். பெயர் ராஜம்மா என்று பிறகு தெரிந்துகொண்டேன். மடையை ஒட்டிய நிலம் அவர்களுடையது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களிடம் வந்தாள்.

"யாருப்பா, கோதண்டமா? இன்னா, நீயும் தவளக் கம்பெனில சேந்துட்டியா?"

"ஏ, சும்மா இரு அக்கா. காலேஜு டீச்சரு வந்துகீறாங்க. பரீட்சைக்கி வோணும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. "பிடிச்சிக்கங்க டீச்சரம்மா, நான் இன்னா சொல்லப் போறேன்? ஆனா இவ்ளோதான் மிச்சம். போன ரெண்டு வருசமும் கம்பெனி ஆளுங்க லைட்டு எடுத்துக்கினு வந்து மூட்ட மூட்டையா வாரிக்கினு பூட்டானுங்க. காலு மட்டும் கப்பல்ல போவுதாமே? முன்னல்லாம் மழ பேஞ்சா இங்க தண்ணி தெரியாது, மஞ்சளாத்தான் தெரியும்."

அந்த நாட்களில் தவளைக்கால் ஏற்றுமதி நாடெங்கும் பெரிய வியாபாரம். அது எனக்குத் தெரியும். ஆனால் அதையும் என் கண்முன் இருந்த தண்ணீரையும் இணைத்துப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன். கரையோரமாக நடந்து எண்ணினேன். இங்கொன்று, அங்கொன்று. மஞ்சளாக ஒரு பன்னிரண்டு. பெண் தவளைகள் நாலைந்துக்கு மேல் கண்ணில் படவில்லை. எனக்கு வேண்டியது பத்து.

எனக்கு அன்று ஞானம் பிறந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அதுவரை நூற்றுக்கணக்கான தவளைகளை வெட்டியவள் நான். அதற்குப் பிறகும் பாடத்திட்டம் கேட்டபோது வெட்டியிருக்கிறேன். பத்தை எடுத்தால் இந்தத் தாங்கலில் இனம் அழிந்துவிடும் என்று அடித்துச் சொல்ல என்னிடம் எந்த ஆராய்ச்சியும் இல்லை. கண்ணில் படாமல் கோரைக்குள் இன்னும் இருபது இருந்திருக்கலாம். நான் யோசித்தது இவ்வளவுதான்: சாக்கில் வந்தவை எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியாது. இவை எங்கே இருக்கின்றன, எத்தனை மிச்சம், எதற்காக வந்திருக்கின்றன என்று தெரியும். தெரிந்த பிறகு கூடையை நிரப்ப என்னால் முடியவில்லை.

வசந்தாவின் முகமும் நினைவுக்கு வந்தது. வராமலில்லை.

"கோதண்டம், விட்டுடுங்க."

"நான் உட்டுட்டேன் மிஸ். இதுதான் உட மாட்டேங்குது."

ராஜம்மா சிரித்த சிரிப்பில் மண்வெட்டி கீழே விழுந்தது. அவளே வந்து அந்தத் தவளையின் கால்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தண்ணீரில் விட்டாள். காலிக் கூடையோடு நான் ஜட்காவில் ஏறும்போது, "இன்னா டீச்சரம்மா, பரீட்சைக்கி இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

துறைத் தலைவர் கூடையைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தவில்லை; கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏம்மா, தவளைக்காகவா? நம்ம பிள்ளைங்க இல்லையா இவங்க?"

"சார், இறாலும் பாடத்துல இருக்கு. அதோட நரம்பு மண்டலத்தக் கேக்கலாம்."

"கேள்விய மாத்தற அதிகாரம் நமக்கில்ல. அவருக்குத்தான் இருக்கு. அவரு மாத்தற ஆளா?" நெற்றியைத் தடவிக்கொண்டார். "ஒண்ணு பண்ணு. மழையில எங்கயுமே தவளை கெடைக்கலைன்னு சொல்லிடு. இயற்கைச் சீற்றம்னா மனுஷன் எறங்கி வருவாரு. எடுக்கலைன்னு மட்டும் சொல்லிடாதே."

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கெடைக்கல சார். எங்கயுமே கெடைக்கல சார். நன்றாகத்தான் இருந்தது.

சென்னைக்குப் போகும் வண்டிக்காக எதிர்ப் பிளாட்பாரத்தில் பழவேற்காட்டுப் பெண்கள் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஏரியில் அன்று காலை பிடித்த இறால். சென்னை வண்டிக்கு முன்னாலேயே அவருடைய வண்டி வந்துவிட்டது. கோட்டு நனையாமல் இறங்கினார். வணக்கம் சொன்னேன். "ஸ்பெசிமன் எல்லாம் ரெடியா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

மனப்பாடம் செய்த வாக்கியம் வாய்வரை வந்தது. ஆனால் அவரிடம் சலுகை கேட்கப் போகிறேன். பொய்யின் மேல் வாங்கிய சலுகை என்றைக்காவது பிள்ளைகளின் தலையில் விழும் என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செத்த சாக்கு, தாங்கல், மஞ்சள், பன்னிரண்டு, காலிக் கூடை.

அவர் குடைக்குள் வராமல் தகரக் கூரையின் கீழேயே நின்றார்.

"தவளை கெடைக்கலைன்னா அது விபத்து. கெடைச்சும் எடுக்கலைன்னா அது முடிவு. யாரோட முடிவு?"

"என்னோடது சார். டிபார்ட்மென்டுக்குச் சம்பந்தம் இல்ல."

"பதிலுக்கு என்ன தர்றதா உத்தேசம்?"

"இறால் சார். நரம்பு மண்டலம்."

"இந்த மழையில இறாலுக்கு எங்க போவீங்க?"

எதிர்ப் பிளாட்பாரத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சென்னை வண்டியின் ஊதல் கேட்டது.

"அப்ப ஏன் இங்க நிக்கறீங்க? வண்டி வந்துரும், ஓடுங்க."

தண்டவாளத்தைத் தாண்டி ஓடினேன். ஒரு புடவை கட்டிய விரிவுரையாளர் அப்படி ஓடி அந்த ஊர் அதற்குமுன் பார்த்திருக்காது.

தேர்வு நடந்தது. நான்கு பேர் தேறினார்கள். வசந்தா தேறவில்லை. ஆறு மாதமாகத் தவளையைத் தவிர வேறெதையும் தொடாதவள் அவள். இறாலைத் தட்டில் வைத்ததும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அவசரமாகக் கீறினாள். நரம்பு இழை பாதியில் அறுந்தது. வெளித்தேர்வாளர் கேள்வியை மாற்ற இணங்கினாரே தவிர, மதிப்பெண்ணில் இரக்கம் காட்டவில்லை. அது சரிதான்.

ஆய்வகம் காலியான பிறகு அவளைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். தவளை இருந்தது, நான்தான் எடுக்கவில்லை. அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"தவளைக்குப் பாவம் பாத்தீங்க. எனக்குப் பாக்கலியே மிஸ்."

நல்ல முடிவு எடுத்தால் எல்லாருக்கும் நல்லதே நடக்கும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யார் தலையில் அது விழுகிறது என்று பார்த்து, அவர்களிடம் போய் நிற்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் துறைத் தலைவரும் ஆரணிக்குப் போய் வசந்தாவின் அப்பாவிடம் பேசினோம். இன்னும் ஒரு வாய்ப்பு கொடுங்கள் என்று துறைத் தலைவர் கெஞ்சியதுதான் எடுபட்டது. என் பேச்சு அல்ல. ஏப்ரல்வரை வாரம் இரண்டு நாள் வசந்தாவோடு உட்கார்ந்தேன். தேறினாள், பி.எட். படித்தாள், ஆசிரியை ஆனாள். என்னை மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை. கல்யாணப் பத்திரிகை அனுப்பினாள்.

தேர்வு நாளைப் பற்றி இன்னும் ஒன்று பாக்கி. மதிப்பெண் தாளை உறையிலிட்டு ஒட்டிய பிறகு, வெளித்தேர்வாளர் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மஞ்சள்னு சொன்னீங்களே, நிஜமாவே மஞ்சளா?"

"ஆமா சார்."

"நான் பாத்ததில்லை." கோட்டுப் பையில் கைவிட்டுக்கொண்டு சற்று நின்றார். "இவ்வளவு காலமாப் பாடம் எடுக்கறேன், பாத்ததே இல்லை. வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கில்ல?"

அதே ஜட்காவில் அழைத்துப் போனேன். மழை விட்டு, மேகத்துக்கிடையில் மாலை வெயில் வந்திருந்தது. அவர் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கோட்டோடு கரைச்சேற்றில் நடந்து, தண்ணீர் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார். அவர் முகத்தை அப்படி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தேர்வுக்குப் போகும் மாணவர்கள் யாராவது அந்த முகத்தைப் பார்த்திருந்தால் கோயிலுக்குப் போயிருக்க மாட்டார்கள். ராஜம்மா தூரத்தில் மடைமேல் நின்று இதையெல்லாம் வேடிக்கை பார்த்தாள். அவர் எழுந்தபோது, வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டாள்:

"யாரு இவரு? பெரிய ஆபீசரா?"

"மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்காரு" என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. அன்று அவர் வண்டியைத் தவறவிட்டார். அடுத்த வண்டி வரும்வரை பிளாட்பாரத்தில் என்னோடும் கோதண்டத்தோடும் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றார்.

இரண்டு ஆண்டுகள் போயின. தொழிற்பேட்டையில் கொட்டகைகள் எழுந்தன. தாங்கலின் வடக்குக் கரைவரை வேலி வந்தது. தண்ணீரைத் தொடவில்லை. ஓர் ஐப்பசிக் காலையில் நான் இரண்டாமாண்டு வகுப்பில் இருந்தபோது, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்து, ராஜம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றாள். மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"டீச்சரம்மா, வந்து பாருங்க. இந்த வாட்டி எண்ண முடியாது. சத்தத்துல ஊட்ல ஒர்த்தர் பேசறது ஒர்த்தருக்குக் கேக்கல."

"கம்பெனி ஆளுங்க வரலையா?"

"வந்தானுங்க. போன வருசமும் வந்தானுங்க, இந்த வருசமும் வந்தானுங்க. 'யோவ், மெட்ராஸ்லேர்ந்து கோட்டு போட்ட ஆபீசரு வந்து, குந்திக்கினு ஒவ்வொண்ணாப் பாத்து எண்ணிக்கினு போய்கீறாரு. இது கவர்மென்ட்டு தவள. தொட்டா கேஸு'ன்னேன். எங்க ஆளுங்களாண்டயும் அதயே சொல்லி வெச்சேன். வேற தாங்கலுக்குப் பூட்டானுங்க."

வேறு தாங்கலுக்குப் போனார்கள் என்பது எனக்கு உறுத்தியது. ஏற்றுமதிக்குத் தடை வர இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. ஆனாலும் அன்று அந்த உறுத்தலோடு வகுப்பில் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. சாக்பீஸை வைத்தேன். வகுப்பு முழுவதையும் கிளப்பிக்கொண்டு, துறைத் தலைவரிடம் அனுமதி கேட்டேன். மழையில் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும் என்றார். பிறகு அவரும் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

தாங்கல் கொதிப்பதுபோல் இருந்தது. தண்ணீரின் மேலெல்லாம் மஞ்சள். நீலப் பைகள் ஊதிச் சுருங்கின. பிள்ளைகள் நோட்டைத் திறக்கவே இல்லை. நானும் திறக்கச் சொல்லவில்லை. எங்கள் துறைத் தலைவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாகப் பயத்தை மறந்து, ஒன்றைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தார்.

"சார்!" என்று மடைமேலிருந்து அதட்டினாள் ராஜம்மா. "கைய எடுங்க. கவர்மென்ட்டு தவள."

இருபத்தைந்து வருடம் அரசுப் பணியில் இருந்த அந்த மனிதர் உடனே கையை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.